பெஞ்ச் போட்டாச்சு... ஆறு எங்கே?

ஊர்ப் பெயரிலேயே கிணற்றை வைத்திருப்பவர்கள் நாங்கள். மல்லாங்கிணறு. விருதுநகரிலிருந்து காரியாபட்டி போகிற பாதையில், கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிறது. ஆறு என்பது எங்களுக்கு பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிற விஷயம். ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி போனால், வைப்பாறும் அர்ச்சுனா நதியும் சேருகிற இடத்தில் அம்மா மணலைத் தோண்டி ஊற்று எடுப்பார். கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்புவோம். ஆறு என்றால் மணல், மணலுக்குக் கீழே தண்ணி. இதுதான் சின்ன வயசில் எனக்குத் தெரிந்த ஆறு.

அதனாலோ என்னவோ, எந்த ஊருக்குப் போனாலும் முதலில் ஆறு எங்கே என்று கேட்பது எனக்கு வியாதியாகவே ஆகிவிட்டது. கோயில், கடைத்தெரு எல்லாம் அப்புறம்தான்.

கொரோனாவுக்கு முந்தைய ஒரு ஜூன் மாதம், என் மச்சானோடு சீனாவுக்குப் போனேன். அவர் ஃபேன்சி ஸ்டோருக்குச் சரக்கு எடுக்கிறவர். வளையல், கிளிப், சாவிக்கொத்து, பொம்மை என்று நம்மூர்த் தேர்த்திருவிழாக் கடைகளில் தொங்குகிறதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் யீவூ என்கிற ஊரின் மொத்தச் சந்தையிலிருந்து. ஜெஜியாங் மாகாணம். அந்தச் சந்தையில் தமிழ்க் குரல் காதில் விழுந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவ்வளவு சகஜம்.

கிளம்புகிறேன் என்று சொன்னதும் சிவகாசியிலிருந்து சித்தப்பா போனில் கத்தினார். "சீனாக்காரன் லைட்டர் வந்துதாம்லே நம்ம தீப்பெட்டியச் சாகடிச்சது. அவன் பட்டாசு கள்ளத்தனமா வந்து எறங்குது. நீ அங்க போய் சுத்திப் பாக்கப் போறியோ?" அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. (20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டது 2023-ல்தான்.) அவரிடம் ஆற்றைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் இன்னும் இரண்டு வார்த்தை கூடுதலாகக் கிடைக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

யீவூவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் ஜின்ஹுவா. அங்கே இரண்டு ஆறுகள் கூடுகிற முனையில் யான்வெய்ஜோ என்று ஒரு பூங்கா. பெயருக்கு, குருவி வால் திட்டு என்பது போல அர்த்தம். மச்சானுக்கு மொழிபெயர்ப்புக்கு வந்த பெண்ணின் சொந்த ஊர் அது. ஞாயிற்றுக்கிழமை அவர்தான் கூட்டிக்கொண்டு போனார்.

அவர்கள் ஊரில் அது மழைக்காலம். பிளம் பழம் பழுக்கிற சமயத்தில் பெய்வதால் பிளம் மழை என்றே பெயர். விடாத தூறல். போய் நின்றால் பாதிப் பூங்காவைக் காணோம். தண்ணிக்குள் இருக்கிறது! படிப்படியாக இறங்குகிற புல் மேடைகளில் கீழே இருந்தவை எல்லாம் முங்கிக் கிடந்தன. நாணல்கள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. எனக்குப் பதற்றம். "வெள்ளம் வந்துடுச்சா? நாம போயிடலாமா?" என்றேன். அந்தப் பெண் சிரித்தார். "வருஷா வருஷம் வரும். அதுக்காகத்தான் இப்படிக் கட்டியிருக்காங்க" என்றார்.

தலைக்கு மேலே வளைந்து நெளிந்து ஒரு நடைபாலம் போகிறது. சிவப்பும் மஞ்சளுமாக, கிட்டத்தட்ட 700 மீட்டர். அந்த ஊரில் பெஞ்சுகளை வரிசையாகக் கோத்து டிராகன் மாதிரி ஆடுகிற ஒரு நாட்டுப்புற ஆட்டம் உண்டாம். பாலத்துக்கு அதுதான் மாதிரி. 200 வருஷத்துக்கு ஒரு முறை வரக்கூடிய வெள்ளத்துக்கும் மேலே நிற்கிற உயரத்தில் அதைக் கட்டியிருக்கிறார்கள். கீழே பூங்கா முங்கினாலும், மேலே ஜனங்கள் குடையைப் பிடித்துக்கொண்டு காய்கறிப் பையோடு அக்கரைக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஒரு தாத்தா, முங்கிப்போன படிக்கு ஒரு படி மேலே நின்றுகொண்டு, வெறும் கையால் தண்ணியை அளைந்து பார்த்துவிட்டுப் போனார். அவரை யாரும் விசில் ஊதி விரட்டவில்லை. எனக்கு ஞாபகத்தில் நிற்கிறது அந்தத் தாத்தாதான்.

ஊருக்கு வந்தபிறகு அந்தப் பூங்காவைப் பற்றித் தேடிப் படித்தேன். அதற்கு முன்பு அங்கே இருந்தது என்ன தெரியுமா? மணல் குவாரி. தோண்டித் தோண்டிச் சீரழித்த ஆற்றுத் திட்டு. அதோடு, வெள்ளத்தைத் தடுக்க உயரமான கான்கிரீட் சுவர். ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவே சுவர் நின்றது. வடிவமைக்க வந்தவர் முதலில் சொன்ன காரியம், இருக்கிற கான்கிரீட் சுவரை இடியுங்கள், இனிமேல் கட்டாதீர்கள் என்பது. கரையைச் சரிவாக வெட்டி, வெள்ளம் ஏறி இறங்க இடம் விட்டு, வெள்ளம் கொண்டுவருகிற வண்டலிலேயே புல் வளரும்படி செய்தார்கள். உரம் போட வேண்டாம், தண்ணி ஊற்ற வேண்டாம். 65 ஏக்கர் சுமாருக்கு. 2014-ல் திறந்தார்கள்.

அந்த மனிதர் யூ கோங்ஜியன். அதே ஜின்ஹுவா பக்கத்துக் கிராமத்தில் 1963-ல் பிறந்த விவசாயி மகன். சின்ன வயசில் வெள்ளத்தில் அடித்துப் போகப்பட்டு, கரையிலிருந்த மரத்தையும் நாணலையும் பிடித்துத் தப்பித்த கதையை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் ஹார்வர்டில் படித்துத் திரும்பி, 1998-ல் ஒரு நிறுவனம் ஆரம்பித்தார். அதற்கு வைத்த பெயரின் சீனச் சொல்லுக்கு மண்ணின் ஆள், பட்டிக்காட்டான் என்று அர்த்தம். நகர மேயர்களுக்குக் கடிதம் எழுதியே நச்சரித்தவர். வெள்ளத்தோடு சிநேகம் பிடியுங்கள் என்பதுதான் அவர் கட்சி. முதலில் அவரைத் திட்டினார்கள். 2012-ல் பெய்ஜிங்கில் பெய்த ஒரே மழையில் 79 பேர் செத்தபிறகு காது கொடுத்துக் கேட்டார்கள். பஞ்சு நகரம் என்று தேசியத் திட்டமே வந்தது. 2025 செப்டம்பரில் பிரேசிலின் சதுப்பு நிலத்தில், ஆவணப்படம் எடுக்கப் போன இடத்தில், சின்ன விமானம் விழுந்து இறந்துபோனார்.

சரி, இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன்? சீனாவைத் தூக்கிப் பிடிக்க இல்லை. நம்மூர் வைகைக் கரையில் நடந்திருப்பதைப் பார்த்து வயிறு எரிந்ததால்.

மதுரை, ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது 2016-ல். வைகைக் கரையை அழகுபடுத்தப் போகிறோம் என்றார்கள். சந்தோஷப்பட்டேன். சங்கப் பாடல்களில் தனக்கென்றே பாட்டுகள் வாங்கிய ஆறு. பரிபாடலின் பல பாடல்களில் வையைப் புனல் விளையாட்டு. கீழடி அதன் பக்கத்தில்தான் புதைந்து கிடந்தது. அதற்கு ஒரு நல்ல கரை வேண்டாமா?

வந்தது என்ன? ஆற்றின் இரண்டு பக்கமும் கான்கிரீட் தடுப்புச் சுவர். சுவரை ஒட்டி ரோடு. ரோட்டை ஒட்டி அங்கங்கே புல்தரை, பெஞ்ச், கலர் லைட். யூ கோங்ஜியன் எதை இடிக்கச் சொன்னாரோ, அதையே நாம் சொந்தக் காசு போட்டுக் கட்டியிருக்கிறோம். சீனாக்காரன் கழித்துக் கட்டின பழைய மாடலை வாங்கிப் பெருமையாக நடு வீட்டில் வைப்பதில் நம்மை அடித்துக்கொள்ள ஆள் இல்லை!

பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். எதிரே என்ன தெரிகிறது? சீமைக்கருவேலம். ஆகாயத்தாமரை. சாக்கடை கலந்து கறுப்பாக நெளிகிற ஒரு வாய்க்கால். தண்ணி? வைகை அணையில் திறந்துவிட்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை. 1959-ல் அந்த அணை வந்ததிலிருந்து, மதுரையில் ஆறு ஓடுவது என்பது ஒரு அரசு அறிவிப்பு. கள்ளழகர் இறங்குவதற்கே தண்ணி திறக்கச் சொல்லி உத்தரவு வர வேண்டியிருக்கிறது. சாமியே அப்ளிகேஷன் போட்டுக் காத்திருக்கிற ஊரில் பெஞ்ச் யாருக்கு?

2022 ஏப்ரலில் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று நெரிசலில் இரண்டு பேர் செத்தார்கள். லட்சக்கணக்கான ஜனங்கள் நிற்கிற ஆற்றின் இரு ஓரத்திலும் சுவர் வைத்து ரோட்டுக்கு இடம் எடுத்தால், அந்த ஜனங்கள் எங்கே ஒதுங்குவார்கள்? அந்த இரண்டு சாவுக்கும் சுவர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் படம் வரைந்தவர்களின் மனசில் சித்திரைத் திருவிழா இருந்ததா என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

இந்தச் சுவர் வேலையில் சம்பந்தப்பட்ட ஒருவரிடம் (பெயர் வேண்டாம், நல்ல மனுஷன், டீ வாங்கித் தந்தார்) கேட்டேன்.

"சார், ஆத்துக்குள்ள எறங்கப் படித்துறை எங்க?"

"படி வச்சா ஜனங்க எறங்கிடுவாங்களே சார்!"

அவர் ஜோக் அடிக்கவில்லை. ரொம்ப சீரியஸாகத்தான் சொன்னார். நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

யோசித்துப் பாருங்கள். நம் பாட்டன் பூட்டன் ஆற்றங்கரையில் கட்டிய ஒரே சமாச்சாரம் படித்துறைதான். திருவையாறு போனாலும் சரி, குறுக்குத்துறை போனாலும் சரி. தண்ணி ஏறினால் நாலு படி முங்கும், இறங்கினால் நாலு படி தெரியும். குளிக்க, துவைக்க, திதி கொடுக்க, பிள்ளைகள் குதிக்க, கிழவர்கள் அரட்டை அடிக்க, எல்லாத்துக்கும் அதுவேதான். ஜின்ஹுவாவில் நான் பார்த்த புல் மேடைகளும் அந்தப் படித்துறையின் பங்காளிகள்தான். அதை விருது வாங்கிய சர்வதேசக் கண்டுபிடிப்பு என்று படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. நம் வீட்டுப் பரணில் கிடந்த சாமானை அடுத்தவன் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கிற மாதிரி.

வைகைக் கரைக்கு ஒரு பழைய கதை உண்டு. உங்களுக்கே தெரியும். ஆறு கரையை உடைத்தது. வீட்டுக்கு ஒரு ஆள் வந்து மண் சுமக்க வேண்டும் என்று பாண்டியன் தண்டோரா போட்டான். பிட்டு விற்கிற வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. சிவபெருமானே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைத் தின்றுவிட்டு, வேலை செய்யாமல் தூங்கி, பிரம்படி வாங்கினார். அந்த அடி எல்லார் முதுகிலும் விழுந்தது என்கிறது புராணம். மதுரையில் ஆவணி மாதம் இன்றைக்கும் பிட்டுத் திருவிழா நடக்கிறது. கரை அடைக்கிற வேலை ஒழுங்காக நடக்காவிட்டால் அடி ஊர் முழுக்க விழும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இப்போது பிட்டும் உதிர்கிறது, மண்ணும் விழவில்லை. பிரம்பு மட்டும் யாரிடமும் இல்லை.

"நதிக்கரைப் பூங்கா என்றால் சபர்மதியைப் பார்" என்று சிலர் சொல்வார்கள். பார்த்திருக்கிறேன். 2014 செப்டம்பர் 17 அன்று பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் அகமதாபாத்தில் அந்தக் கரையில் ஊஞ்சலில் உட்கார்ந்து ஆடினார்களே, அதே இடம். பளிச்சென்று இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் நிற்பது சபர்மதித் தண்ணி இல்லை. நர்மதைக் கால்வாயிலிருந்து கொண்டுவந்து ஊற்றியது. அகலமும் குறுகலுமாக இருந்த ஆற்றை இரண்டு கான்கிரீட் சுவருக்கு நடுவே ஒரே அளவாகக் கத்தரித்துவிட்டார்கள். கரையில் இருந்த ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் ஊருக்கு வெளியே போனார்கள். அது பூங்காவா, நீளமான தொட்டியா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நமக்கு ஊற்றுவதற்கு நர்மதையும் கிடையாது. முல்லைப் பெரியாற்றுக்கே வருஷா வருஷம் வக்கீல் வைக்கிறோம்.

சென்னையில் மட்டும் என்ன வாழ்கிறது? கூவத்தில் 1973-ல் படகு விட்டார்கள். துறைகள் இடிந்துபோயின, நாற்றம் மட்டும் நின்றது. அடையாற்று முகத்துவாரத்தில் 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா திறந்தார்கள். 58 ஏக்கர். நாணலும் நீர்க்கோழியும் மறுபடி வந்தன, நல்ல காரியம். ஆனால் பல வருஷம் அது பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துப் போகிற இடம்தான். அப்போது நீங்களும் நானும் சாயங்காலம் காற்று வாங்க இஷ்டம்போல் நுழைய முடியவில்லை. பூங்கா என்று பெயர், பூட்டு என்று நடைமுறையாக இருந்தது.

இந்த இடத்தில் ஒரு வாசகர் கையைத் தூக்குவது எனக்குத் தெரிகிறது. "சீனாவில் எல்லாம் ஒழுங்கா? அங்கேயும் ஜனங்களை விரட்டுவார்கள், வாயைத் திறந்தால் உள்ளே போடுவார்கள்." உண்மை. மூன்று பள்ளத்தாக்கு அணைக்காக 13 லட்சம் பேரை இடம் பெயர்த்த நாடு அது. பஞ்சு நகரத் திட்டத்தில் பணத்தைக் கொட்டிய ஜெங்ஜோவில், 2021 ஜூலை 20 அன்று ஒரு மணி நேரத்தில் 200 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மெட்ரோ ரயிலுக்குள் தண்ணி புகுந்து 14 பேர் செத்தார்கள். உள்ளூர் அதிகாரிகள் 139 சாவுகளை மறைத்தார்கள் என்று அவர்கள் அரசாங்கமே பிறகு அறிக்கை கொடுத்தது. ஆகவே நாணல் நட்டால் பிரளயம் நிற்கும் என்று நான் கதை விடவில்லை. அங்கே கேள்வி கேட்க முடியாது. இங்கே முடியும். முடிகிற நாம் கேட்காமல் இருக்கிறோமே, அதுதான் என் ஆதங்கம். கேட்க முடியாத ஊரில் சுவரை இடிக்கிறார்கள், கேட்க முடிகிற ஊரில் கட்டுகிறார்கள்.

என் மாவட்டத்துக்கு வருகிறேன். விருதுநகருக்கு ஒரு நதி உண்டு என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே தெரியாது. கௌசிகா நதி. ஊரை ஒட்டிப் போய் குல்லூர்சந்தை அணையில் விழுகிறது. பாலத்தில் பஸ் ஏறினால் எல்லார் கையும் மூக்குக்குப் போகும். ஊர்க் கழிவு முழுக்க அதில்தான். அந்தக் கழிவு அணைக்குப் போய், அணைத் தண்ணியை நம்பின சம்சாரிகள் வயிற்றில் அடிக்கிறது. வானம் பார்த்த பூமியில், அணை இருந்தும் அந்தத் தண்ணியை வாயில் வைக்க முடியாது என்றால் அந்தக் கொடுமையை என்னவென்று சொல்வது?

இந்த நதியையும் அழகுபடுத்த வேண்டும் என்று அவ்வப்போது பேச்சு கிளம்புகிறது. கிளம்பும்போதெல்லாம் எனக்குப் பயம். அழகுபடுத்துதல் என்றால் நம்மூரில் என்ன அர்த்தம் என்று தெரியுமே! நுழைவாயில் வளைவு, சிமென்ட் மான், சிமென்ட் மயில், நாலே மாசத்தில் ரிப்பேராகிற நீரூற்று, கல்வெட்டில் வரிசையாகப் பெயர்கள்.

வேண்டாம் சாமி. சீனாவில் காப்பி அடிக்கத்தான் வேண்டுமென்றால் அதற்கும் ஒன்று இருக்கிறது. ஷாங்காயில் ஹூவாங்பூ ஆற்றங்கரையில் இரும்புத் தொழிற்சாலை இருந்த நிலம் விஷமாகிக் கிடந்தது. அதே யூ கோங்ஜியன், 2010 உலகக் கண்காட்சி சமயத்தில் அங்கே ஹோடான் என்ற பூங்காவைப் போட்டார். 1.7 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு ஈரநிலம். அழுக்கு ஆற்றுத் தண்ணியை ஒரு முனையில் விடுகிறார்கள். அது மேடை மேடையாக இறங்கி, நாணல், கோரை வேர்களுக்குள் புகுந்து புகுந்து, மறுமுனைக்கு வரும்போது தெளிந்திருக்கிறது. ஒரு நாளைக்கு 24 லட்சம் லிட்டர். குடிக்க ஆகாது, தோட்டத்துக்கும் மற்ற உபயோகத்துக்கும் தாராளமாக ஆகும். அந்த நாணலுக்கு நடுவே நடைபாதை. பூங்கா என்பது அங்கே ஆற்றுக்கு வேலை பார்க்கிறது, சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவில்லை.

நாணலும் சம்பும் கோரையும் நம் கண்மாய்க் கரைகளில் கேட்பாரற்று முளைக்கிறவை. கரன்ட் வேண்டாம், கம்பெனி வேண்டாம். முதலில் வீட்டுக் கழிவைத் தனிக் குழாயில் பிரித்துச் சுத்திகரிக்க வேண்டும், அதற்கு மாற்று கிடையாது. அதற்கு அப்புறமும் கசிகிற மிச்சத்துக்கு கௌசிகாவில் ஊர் முடிகிற இடத்தில் இப்படி ஒரு நாணல் படுகை. ஓரத்தில் நாலு வேம்பு, ரெண்டு மருதம், நடக்க ஒரு மண் பாதை. தண்ணி தெளிந்தபிறகு கீழே இறங்கப் படி. பெஞ்ச் கடைசியில் போட்டுக்கொள்ளலாம். போடாவிட்டாலும் பரவாயில்லை, நாங்கள் தரையில் உட்கார்ந்து பழகினவர்கள்.

"இடம் எங்க சார் இருக்கு?" என்பார்கள். ரோடு போடக் கரையில் இடம் கிடைத்ததே? பஸ் ஸ்டாண்டும் கட்டடமும் கட்டக் கண்மாயில் இடம் கிடைத்த தேசம் இது. நாணலுக்கு மட்டும் கிடைக்காதா?

சீனாவிலிருந்து வந்ததும் போட்டோக்களை அம்மாவுக்குக் காட்டினேன். வளைந்த பாலத்தை அவர் லட்சியமே செய்யவில்லை. தண்ணிக்குள் இறங்குகிற படிகளைப் பெரிசாக்கச் சொல்லிப் பார்த்தார்.

"ஏய்யா, அங்க எறங்கித் துணி தொவைக்கலாமா?"

நான் யாரும் துவைத்துப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். எல்லாரும் நடந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், அவ்வளவுதான்.

"அப்ப நீ பாத்ததும் பார்க்குதான்" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அந்தப் பெரியவரு கையை வச்சு அளைஞ்சாருன்னு சொன்னேல்ல? அந்த அளவுக்காச்சும் இங்கன செய்யச் சொல்லுவே" என்றார்.

கௌசிகாவுக்காக நான் எழுதிக் கொடுத்திருக்கிற மனுவில் அந்தப் படிகளையும் சேர்த்திருக்கிறேன். சுவர் வேண்டாம் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.